எழுதும் கையும் வரையும் கையும்: தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கலைக்கல்வி குறித்த ஒரு மறுப்புரை

முன்னுரை

'எழுதுதல்' என்னும் தமிழ் வினை எழுத்தைப் பொறித்தலையும் ஓவியம் தீட்டுதலையும் ஒருங்கே குறிக்கும். பண்டைத் தமிழர் ஓவியத்தை எழுதினர். தோளில் தொய்யில் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். இச்சொல்லாட்சியை எடுத்துக்காட்டித் தமிழரின் கலைத்தொன்மையை நிறுவும் கட்டுரைகள் நம் ஆய்விதழ்களில் பல வெளிவந்துள்ளன. ஆயின், அதே தமிழர்தம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் எழுதுதல் இரண்டாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. எழுத்து பாடமாயிற்று, ஓவியம் ஓய்வுநேர வேலையாயிற்று. இப்பிளவு குறித்து நம் ஆய்விதழ்கள் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், அதாவது ஏறத்தாழ ஆறு முதல் பதினான்கு அகவை வரையிலான குழந்தைகளுக்குக் கலை கற்பித்தல் பற்றி இந்நாட்டில் மூன்று கருத்துகள் செல்வாக்குடன் விளங்குகின்றன. கலை என்பது பாடத்திற்கு இணையாக நிகழும் ஒரு செயல்பாடு என்பது முதற்கருத்து. பிற பாடங்களை எளிதில் கற்பிக்க உதவும் கருவி அது என்பது இரண்டாவது. திறன்மிக்க மாணவரைப் போட்டிகள்வழிக் கண்டறிந்து ஊக்குவித்தால் போதும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையுடையன என்பதும், கலை தனக்கெனப் பாடவேளையும் ஆசிரியரும் உடைய தனிப்பாடமாக எல்லாக் குழந்தைகளுக்கும் கற்பிக்கப்பெறவேண்டும் என்பதும், இதில் தமிழ்த்துறைகளுக்குத் தட்டிக்கழிக்க இயலாத பொறுப்பு உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும். கலை என்னும் சொல் இசை, கூத்து, நாடகம் ஆகியவற்றையும் தழுவுமாயினும், விரிவஞ்சி ஓவியம் முதலான காட்சிக்கலைகளே ஈண்டு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன.

சட்டமே வகுத்த ஏற்றத்தாழ்வு

கலை உரிய இடம்பெறாமைக்குத் தலைமையாசிரியரின் அக்கறையின்மையையும் பெற்றோரின் மதிப்பெண் ஆசையையும் காரணம் காட்டுவது வழக்கம். இவை உண்மையே. எனினும் ஏற்றத்தாழ்வின் வேர் சட்டத்திலேயே உள்ளது. 2009ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வியுரிமைச் சட்டம், கலைத்திட்டம் குழந்தையின் முழுமையான வளர்ச்சிக்கு உதவவேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையை நோக்குக. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஆசிரியர் இருந்தே ஆகவேண்டும். கலைக்கோ, மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் மட்டும், பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் போதும். உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் இதே நிலைதான். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குக் கலைப்பயிற்றுநர் என்ற பேச்சே அட்டவணையில் இல்லை. சிற்றூர்ப் பள்ளிகளிற் பல நூறு மாணவரை எட்டாதவை. ஆகவே, கலை கற்பிப்பார் எவருமின்றி எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் குழந்தையின் நிலை சட்டமீறலின் விளைவன்று. சட்டம் இடந்தந்ததன் விளைவு.

தமிழகத்தில் இவ்விதியையொட்டி, 2012ஆம் ஆண்டில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி முதலியவற்றுக்கென 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர் அரசுப்பள்ளிகளில் அமர்த்தப்பெற்றனர். வாரத்தில் மூன்று அரைநாள் பணி. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். ஊதியம் பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்ந்தபோதும், பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அவர்தம் போராட்டம் பணிநிலைப்புக் கோரியே நிகழ்ந்தது. தம் வாழ்வுக்கே உறுதியற்ற ஒருவரிடம் குழந்தையின் கண்ணையும் கையையும் ஒப்படைத்துவிட்டுக் கலைக்கல்வி செழிக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

காலக்கணக்கையும் பார்ப்போம். நடுநிலை வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 220 வேலைநாள்களும் 1,000 கற்பித்தல் மணிகளும் சட்டம் வரையறுத்தவை. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2019ஆம் ஆண்டு தன் பள்ளிகளில் வாரத்திற்கு இரண்டு பாடவேளையைக் கலைக்கு ஒதுக்கப் பணித்தது. பாடவேளை ஒன்று நாற்பது நிமிடம், வாரம் ஐந்து வேலைநாள் எனக் கொண்டால், 44 வாரங்களில் கலைக்குக் கிட்டுவது ஏறத்தாழ 59 மணி. மொத்தத்தில் ஆறு விழுக்காடு. இது முழுமையாகக் கிடைத்தாலே பெரிது. தேர்வு நெருங்குங்கால் முதலிற் கடன் கேட்கப்படும் வேளை ஓவிய வேளையே என்பதும், அக்கடன் திரும்புவதில்லை என்பதும் பள்ளியை அறிந்தார் எவரும் அறிந்ததே.

கழிப்பறையும் குடிநீரும் இல்லாத பள்ளியில் ஓவியம் ஆடம்பரம் அன்றோ என்பார் உளர். கழிப்பறை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கழிப்பறை இல்லாமையால் கணிதத்தை நிறுத்துக என்று இவர்கள் கூறுவதில்லை. வறுமையைக் காட்டிக் கலையை மட்டும் ஒத்திவைக்கும் இவ்வாதத்தின் அடியில், ஏழைக்குழந்தைக்கு அழகுணர்வு தேவையில்லை என்னும் எண்ணம் பதுங்கியுள்ளது. தொடக்கநிலைக் கலைக்கு வேண்டிய கருவிகளோ களிமண், கரித்துண்டு, சுண்ணக்கட்டி, பழைய செய்தித்தாள், வீட்டுவாசல் ஆகியவையே. அருமையாக இருப்பது, அவற்றைக்கொண்டு என்ன செய்வது என்பதறிந்த ஆசிரியர்தாம்.

படியெடுக்கும் கை

ஆசிரியர் இருந்தும் பயனில்லாத பள்ளிகளும் உண்டு. இதற்கு வரலாற்றுக் காரணம் உளது. சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அண்டர் தொடங்கிய கலைப்பள்ளியும், அதனைத் தொடர்ந்து 1854இல் கல்கத்தாவிலும் 1857இல் பம்பாயிலும் எழுந்த கலைப்பள்ளிகளும் தொழிலுக்கும் கைவினைக்கும் வேண்டிய பயிற்சியுற்ற கைகளை உருவாக்குவதில் நாட்டம் கொண்டிருந்தன. இங்கிலாந்தின் தென் கென்சிங்டன் முறையை ஒட்டி, கொடுக்கப்பட்ட உருவைப் பிசகாமல் படியெடுத்தலே அப்பயிற்சியின் அடித்தளமாயிற்று. அதன் வழித்தோன்றலாகிய வரைகலைத் தேர்வுகள் பல மாநிலங்களில் நெடுங்காலம் நிலைத்தன. அத்தேர்வுகளைக் கடந்து வந்தோரே பள்ளி ஓவிய ஆசிரியராயினர். தமக்குக் கற்பிக்கப்பட்டதையே அவர்கள் கற்பித்தனர். குறை அவர்களுடையதன்று.

விளைவு யாதெனின், இந்தியாவின் எம்மூலையிலும் 'இயற்கைக்காட்சி வரைக' என்றவுடன் குழந்தை வரைந்துதரும் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதி எழுந்த கதிரவன், வளைந்திறங்கும் ஓடை, ஓரத்தில் ஓட்டுவீடு, ஒரு தென்னை, வானில் இருகோட்டுப் பறவைகள் நான்கு. மலையையே கண்டறியாத இராமநாதபுரத்துக் குழந்தையும், உப்பளத்தின் வெண்குவியல்களுக்கிடையே வளரும் தூத்துக்குடிக் குழந்தையும், அடுக்குமாடிச் சன்னலில் தில்லியைக் காணும் குழந்தையும் இம்மலைகளையே வரைவர். தம் கண்முன் உள்ளது வரையத்தக்கதன்று எனப் பள்ளி அவர்களுக்குக் கற்பித்துவிட்டது. ஐந்திணையும் முதல் கரு உரியும் பேசும் நாம் இதனைக் கண்டு திடுக்கிட்டிருக்கவேண்டும். நிலத்திற்கேற்ப மரமும் புள்ளும் பொழுதும் பிரித்துக்கண்ட மரபின் பிள்ளைகள், தம் நிலத்தைப் பாராமலே நிலக்காட்சி வரைகின்றனர்.

குழந்தையின் ஓவியம் பெரியோர் ஓவியத்தின் குறைவடிவம் அன்று என்பது கல்வியியலார் நெடுங்காலம் முன்னரே கண்ட உண்மை. விக்டர் லோவன்பெல்டு 1947இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் பருவங்களைப் பகுத்துக் காட்டினார். கிறுக்கலில் தொடங்கும் குழந்தை, ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது அகவையில் தனக்கென ஒரு குறியீட்டுமுறையை அமைத்துக்கொள்கிறது. தரைக்கோடு ஒன்றிட்டு அனைத்தையும் அதன்மேல் நிறுத்துகிறது. வீட்டுச்சுவரை ஊடுருவி உள்ளே அடுப்பையும் தொட்டிலையும் காட்டுகிறது. தனக்கு முதன்மையானவரைப் பெரிதாக வரைகிறது. இவை பிழைகள் அல்ல, சிந்தனையின் தடங்கள். 'அம்மா வீட்டைவிட உயரமா?' என்று சிரித்தபடி திருத்தும் ஆசிரியர் கோட்டைத் திருத்துவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் குழந்தையின் வாக்கியத்தை நடுவில் வெட்டுகிறார்.

ஒன்பது முதல் பன்னிரண்டு அகவைக்கிடையில் நிலை மாறுகிறது. தான் வரைந்தது பொருளை ஒத்திருக்கவேண்டும் என்று குழந்தையே விரும்பத் தொடங்குகிறது. ஒத்திராமையைக் கண்டு நாணுகிறது. 'எனக்கு வரைய வராது' என்னும் தொடர் பிறக்கும் பருவம் இதுவே. லோவன்பெல்டின் பகுப்பு எல்லாப் பண்பாட்டுக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் இம்மாற்றத்தை எந்த வகுப்பறையிலும் காணலாம். தொலைவு, அளவு, நிழல், நிற இயைபு ஆகியவற்றைப் பார்க்கவும் கையாளவும் கற்றுத்தர ஒருவர் தேவைப்படுவது இப்போதுதான். குழந்தையைத் தடையின்றி விட்டுவிட்டால் போதும், கலை தானே மலரும் என்போரின் கருத்தும் இவ்விடத்தில் தோற்கிறது. மொழியைத் தானே கற்ற குழந்தைக்கும் யாப்பையும் உரைநடையையும் ஒருவர் கற்பிக்கத்தானே செய்கிறோம். ஐந்தாம் ஆறாம் வகுப்பில் கற்பிப்பாரின்றிக் கைவிடப்பட்ட கை, பின்னர்ப் பெரும்பாலும் தூரிகையைத் தொடுவதேயில்லை.

மறக்கப்பட்ட மாற்று மரபு

கலையைக் கல்வியின் நடுவில் வைப்பது இறக்குமதிக் கருத்து என்று கூறவும் இயலாது. தாகூரின் சாந்திநிகேதனத்தில் 1919இல் கலாபவனம் நிறுவப்பட்டது. அங்கு ஆசிரியராய்த் திகழ்ந்த நந்தலால் போசு, தாகூர் எழுதிய வங்கமொழி அரிச்சுவடியாகிய 'சகஜ பாடம்' 1930இல் வெளிவந்தபோது அதற்குப் படங்கள் செய்தளித்தார். மொழிப்பாடநூல் வரலாற்றில் இது ஊன்றி நோக்கத்தக்க நிகழ்ச்சி. நாட்டின் முதன்மையான ஓவியர் ஒருவர் எழுத்தறியாக் குழந்தையின் முதல் நூலுக்குப் படம் செய்தலைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை. குழந்தை முதல் எழுத்தைக் கண்ட அதே பக்கத்தில் நல்லதோர் ஓவியத்தையும் கண்டது.

1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக்கல்விக்குச் சாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் தாய்மொழி, கணிதம் ஆகியவற்றோடு ஓவியமும் இசையும் இடம்பெற்றன. சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் சேவாகிராமத்தில் சிற்றூர்க் குழந்தைகளுக்குக் கலை கற்பித்துத் தம் பட்டறிவை நூலாக வடித்தார். கலையே கல்வியின் அடிப்படை என்பது அவர் கொள்கை. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு கலைக்கல்வி புறக்கணிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வரைவையொட்டி அமைந்த வல்லுநர்குழு, பத்தாம் வகுப்புவரை கலையைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரைக்குப் பஞ்சமில்லை. நிறைவேற்றம் மட்டும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பின்தங்கியே வருகிறது.

கருவியாக்கப்பட்ட கலை

அண்மைக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருப்பது 'கலை ஒருங்கிணைந்த கற்றல்' என்னும் முறை. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கை, எல்லாப் பாடங்களின் கருத்துகளையும் கலைவழிக் கற்பிக்க வலியுறுத்தியது. நடுவண் வாரியப் பள்ளிகளில் 2020-21ஆம் கல்வியாண்டு முதல் ஒன்று முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குக் கலை ஒருங்கிணைந்த செயல்திட்டம் கட்டாயமாயிற்று. பாட்டும் படமும் வகுப்பறைக்குள் நுழைவது வரவேற்கத்தக்கதே. வறண்ட பாடம் ஓரளவு உயிர்பெறவும் கூடும். ஆனால் இதனையே கலைக்கல்வி என்று கணக்கெழுதுவதை மறுத்தாகவேண்டும்.

ஒளிச்சேர்க்கையைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டுகின்றனர். எரிமலைக்குக் களிமண்ணில் ஒரு மாதிரி செய்கின்றனர். மாநிலங்களின் நடன ஆடைகளை வெட்டி ஒட்டி ஒரு பதாகை சமைக்கின்றனர். இறுதியில் ஆசிரியர் மதிப்பிடுவது எதனை? பச்சையம் சரியாகச் சொல்லப்பட்டதா, மாநிலத்தின் தலைநகர் சரியா என்பவற்றை. இந்தக் கோடு ஏன் இங்கு வளைந்தது, இந்த நீலம் அந்த மஞ்சளுக்கருகில் என்ன செய்கிறது, இந்தத் தாளக்கட்டு அச்சொற்களுக்கு ஏற்றதா என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. ஓர் அளவுகோலை முன்வைக்கலாம். பயிற்சி முடிந்தபின் குழந்தை கோட்டையோ நிறத்தையோ ஒலியையோ அசைவையோ பற்றி முன்னறியாத ஒன்றை அறிந்திருந்தால் அங்குக் கலை கற்பிக்கப்பட்டது. இல்லையெனில், அறிவியலுக்குத் தோரணம் கட்டப்பட்டது.

தமிழறிஞர்க்கு இதனை விளக்க வேறோர் எடுத்துக்காட்டே போதும். தமிழுக்கெனத் தனிப்பாடவேளை வேண்டா, அறிவியலும் வரலாறும் தமிழில் நடந்தால் தமிழ் தானே வந்துவிடும் என்று ஓர் அரசு ஆணையிடுமாயின் நாம் ஏற்போமா? மொழி வெறும் கருவியன்று, அதற்கெனச் செய்யுளும் இலக்கணமும் மரபும் உள என்று அன்றே மறுப்புரை எழுதியிருப்போம். தமிழுக்கு நாம் மறுக்கும் இழிவைக் கலைக்கு மட்டும் ஒப்புவது முரண்.

2023ஆம் ஆண்டுப் பள்ளிக்கல்விக்கான தேசியக் கலைத்திட்டம் கலையைத் தனிப் பாடத்துறையாக வகுத்திருப்பதும், அதனையொட்டி 2024 முதல் மூன்றாம் வகுப்புக்குப் 'பான்சுரி', ஆறாம் வகுப்புக்குக் 'கிருதி' எனக் கலைக்கெனத் தனிப் பாடநூல்கள் வரத்தொடங்கியிருப்பதும் நேர்மையாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றங்கள். இந்நூல்கள் காட்சிக்கலையோடு இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கும் இடமளிக்கின்றன. ஆயினும் ஆசிரியரை நிரப்பாமல் நூலை மட்டும் அனுப்பினால், அது பிள்ளைகள் வீட்டில் வண்ணம் நிரப்பிவரும் இன்னொரு பயிற்சியேடாகவே முடியும்.

மேடையும் வகுப்பும்

மூன்றாவது கருத்து போட்டிகளைப் பற்றியது. கேரளத்தில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிக் கலோத்சவம் இன்று பேரளவில் நடைபெறும் விழா. தமிழகத்தில் 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப்பள்ளி மாணவர்க்கான கலைத்திருவிழா தொடங்கப்பட்டது. இவ்விழாக்கள் மேடையையே காணாத பல குழந்தைகளுக்கு மேடை தந்துள்ளன. பறையும் ஒயிலும் கரகமும் பள்ளி முற்றத்தில் மதிப்புப் பெறவும் துணைசெய்துள்ளன. அதனை மறுப்பது நன்றியின்மையாகும்.

ஆனால் விழா வகுப்புக்கு ஈடாகாது. முந்நூறு மாணவர் உள்ள ஒரு பள்ளியிலிருந்து முப்பது பேர் மேடையேறுகின்றனர் எனக் கொள்வோம். எஞ்சிய இருநூற்றெழுபது பேர் பெற்ற கலைக்கல்வி கைதட்டுதலே. நீச்சற்போட்டி நடத்துவதனால் ஊரார்க்கு நீந்தக் கற்பித்துவிட்டோம் என்று எவரும் கூறார். கேரள விழாவில் வெற்றிக்குக் கருணை மதிப்பெண் சேர்ந்தபின், தனிப்பயிற்சிக்கும் ஒப்பனைக்கும் பெருந்தொகை செலவிட வல்லோர்க்கும் மாட்டாதோர்க்கும் இடைவெளி விரிந்ததும், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள் பெருகியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. மகாராட்டிரத்திலும் வரைகலைத் தேர்வுகள் பத்தாம் வகுப்பின் கூடுதல் மதிப்பெண்ணோடு பிணைக்கப்பட்டன. மதிப்பெண்ணின் பிடியிலிருந்து சற்றே மூச்சுவிடக் குழந்தைக்கு இருந்த ஒரே சன்னலும் இவ்வாறு மூடப்படுகிறது.

குலக்கல்வி என்னும் ஐயம்

தமிழ்ச்சூழலில் எழும் வலிமையான மறுப்பு ஒன்றுண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் தகாது. பள்ளியில் கைவேலை, களிமண், தறி என்று பேசத் தொடங்கினால், 1953ஆம் ஆண்டு இராசாசி அரசு கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம் நினைவுக்கு வரும். அரைநாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழில் என்ற அத்திட்டம் குலக்கல்வித் திட்டம் எனப் பெரியாராலும் பிறராலும் கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்பினர் பத்துநாள் புத்தகப்பையின்றி உள்ளூர்த் தச்சர், குயவர், ஓவியர் முதலியோரிடம் பயிலவேண்டும் என்றபோது அவ்வையம் மீண்டும் எழுந்ததில் வியப்பில்லை.

ஐயம் நியாயமானது. ஆனால் அதன் முடிவு கலையை விலக்குவதாக இருத்தலாகாது. 1953இன் திட்டம் குழந்தையைப் பிறப்பின் தொழிலோடு கட்டியது. குயவர் மகன் மண்ணுக்கும் சலவையாளர் மகள் துறைக்கும் அனுப்பப்படுவர் என்பதே அன்றைய எதிர்ப்பின் கருப்பொருள். எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் ஒரே மண்ணைப் பிசையும் கலைவகுப்பு இதற்கு நேர்மாறானது. மண் தொடுவது இழிவு எனக் கற்பிக்கப்பட்ட குடும்பத்துக் குழந்தையும், நூல் தொடுவது தனக்கில்லை எனக் கற்பிக்கப்பட்ட குடும்பத்துக் குழந்தையும் ஒரே பானையை வனையும்போது, கையைத் தாழ்த்தித் தலையை உயர்த்திய சாதிமுறையின் அடித்தளம் அசைகிறது. உண்மையில், கலைப்பாடத்தைப் பகுதிநேரமாக்கிக் கடைசி வேளைக்குத் தள்ளும் இன்றைய பள்ளிதான் கைத்தொழிலை இழிவுபடுத்திய பழைய மனப்பான்மையைத் தொடர்கிறது. கல்வியில் சமத்துவம் கோருவோர் இதனை உன்னுதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளின் பொறுப்பு

இனி நம்மிடம் வருவோம். மயிலை சீனி. வேங்கடசாமி 1956இல் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்னும் நூலை வெளியிட்டுத் தமிழாய்வில் கலைக்கு ஓர் இடம் அமைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களை 1931இல் உலகறியச் செய்த எசு.கே. கோவிந்தசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர். அத்தகு முன்னோடிகளின் வழிவந்த நாம், கண்ணுள் வினைஞரையும் வட்டிகையையும் புனையா ஓவியத்தையும் அகராதிபோல் தொகுத்து வரிசைப்படுத்துவதிலேயே பெரும்பாலும் அமைந்துவிட்டோம். சித்தன்னவாசலைப் பற்றி ஆய்வேடு எழுதுவோர், தம் ஊர்ப்பள்ளிச் சுவரில் பிள்ளைகள் என்ன வரைகின்றனர் என்று பார்ப்பதில்லை. இறந்தகாலத்தின் ஓவியத்தைப் போற்றுவதே நிகழ்காலத்தின் ஓவியமின்மைக்கு ஈடு என்று கருதுகிறோம் போலும்.

நம் இலக்கியமே இதனினும் மேலான ஒரு வழியைக் காட்டுகிறது. பரிபாடலில் நப்பண்ணனாரின் பாடல் திருப்பரங்குன்றத்து எழுதெழில் அம்பலத்தைக் காட்டும். அங்கு வந்தோருட் சிலர் ஓவியங்களைக் கண்டு இவர் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் இவள் இரதி, இவன் காமன், இது பூனை வடிவுற்ற இந்திரன், இவள் அகலிகை எனச் சுட்டி விடையிறுக்கின்றனர். இப்பகுதியை ஓவியத் தொன்மைக்குச் சான்றாக எத்துணையோ முறை எடுத்தாண்டுள்ளோம். அது ஒரு கற்பித்தல் முறை என்று கண்டோமல்லோம். படத்தின்முன் கூடிநின்று, வினவி, சுட்டி, கதைசொல்லிப் பார்த்தல் கலைவகுப்பின் ஒரு பாதி. கையால் செய்தல் மறுபாதி. முதற்பாதிக்குப் பெரும்பொருள் வேண்டா. பார்க்கக் கற்ற தமிழாசிரியர் ஒருவரே போதும்.

கோலத்தையும் நோக்குக. 1974ஆம் ஆண்டில் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலவடிவங்களை அணி இலக்கணங்களாக விளக்கிக் கணினியியலார் கவனத்தை ஈர்த்தனர். புள்ளி, இழை, சமச்சீர், தொடர்ச்சி ஆகிய வடிவ அறிவு முழுவதும் நம் பெண்டிர் கையில் நாள்தோறும் வாசலில் இடப்பட்டு அழிகிறது. அதனை இலக்கணமாகக் கண்டவர்கள் கணித, கணினித்துறையினர். இலக்கணமே தம் துறையெனக் கொண்ட நாம் அல்லேம். பள்ளியோ அதனைப் பொங்கல் விழாவில் பெண்பிள்ளைகளுக்கான போட்டியாகக் குறுக்கியது. ஆண்பிள்ளைகளும் புள்ளியிட்டு இழையிழுக்கும் ஒரு கலைவகுப்பு எந்தச் செலவுமின்றி நாளையே தொடங்கக்கூடியது.

ஆகவே தமிழ்த்துறையினர் செய்யத்தக்கவை சில உள. பாடநூற்குழுக்களில் இடம்பெறும் தமிழறிஞர், பாடத்திற்கு நிகரான கவனத்தைப் படத்திற்கும் செலுத்தவேண்டும். தேர்ந்த ஓவியர் ஒருவரைக் குழுவின் உறுப்பினராகவே கேட்கவேண்டும். பாட இறுதியில் 'வண்ணம் தீட்டி மகிழ்க' என்னும் வெற்றுப்பயிற்சிகளை நீக்கி, தன் தெரு, தன் வயல், தன் வீட்டு அடுப்படி ஆகியவற்றைப் பார்த்து வரையவும் வரைந்ததைப் பற்றிப் பேசவும் எழுதவும் தூண்டும் பயிற்சிகளை அமைக்கவேண்டும். 2014ஆம் ஆண்டின் ஆசிரியர்கல்வி நெறிமுறைகள் கல்வியியல் பட்டப்படிப்பில் 'கல்வியில் நாடகமும் கலையும்' என்னும் பயிற்சியைச் சேர்த்தன. தமிழ் கற்பித்தல் பயில்வோர்க்கு அது சான்றிதழளவில் முடியாதிருக்கச் செய்தல் நம் துறைகளின் கடன். முனைவர்பட்ட ஆய்வுகளில் குழந்தை ஓவியம், அரிச்சுவடிப் படங்களின் வரலாறு, கலைச்சொல்லாக்கம் ஆகியவற்றுக்கு இடந்தரவேண்டும். எட்டாம் வகுப்புக் குழந்தை தன் ஓவியத்தைப் பற்றித் தமிழில் பேச உதவும் எளிய சொற்றொகுதியைக்கூட நாம் இன்னும் ஆக்கித்தரவில்லை.

முடிவுரை

பாட இணைச் செயல்பாடு என்னும் பெயரால் கலை ஒதுக்கப்படுகிறது. ஒருங்கிணைப்பு என்னும் பெயரால் ஏவலாக்கப்படுகிறது. போட்டி என்னும் பெயரால் சிலர்க்கு மட்டும் உரியதாக்கப்படுகிறது. இம்மூன்றையும் மறுத்து, கல்வியுரிமைச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பெற்று, மாணவர் எண்ணிக்கையைக் காரணம் காட்டாது எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் முழுநேரக் கலையாசிரியரும், தொடக்கப்பள்ளிகளுக்குக் குறுவளந்தோறும் ஒரு கலையாசிரியரும் அமர்த்தப்பெறுதல் வேண்டும் எனத் தமிழறிஞர் அவைகள் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். அறிவியல் ஆசிரியர் இல்லாத பள்ளியைக் குறையுடைய பள்ளி என்கிறோம். கலையாசிரியர் இல்லாத பள்ளியையும் அவ்வாறே கூறத் தொடங்குவது முதற்படி. அதனைத் தமிழில் உரக்கக் கூறவேண்டியோர் நாமே.